பழைய ஷேவிங் பிரஷ்: பிடியை வைத்துக்கொண்டு குஞ்சத்தை மாற்றுவது எப்படி

பழைய ஷேவிங் பிரஷ்ஷின் அழகு அதன் பிடியில் இருக்கிறது, முடியில் இல்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எண்பது வருஷத்து முடியை எத்தனை முறை அலசினாலும் அது எண்பது வருஷத்து முடிதான். நுனி ஒடிந்திருக்கும், அடியில் சோப்பு கல்லாக இறுகியிருக்கும், சில பிரஷ்களில் ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிடியின் கதை வேறு. நல்ல பொருளில் கடைந்த பிடி இன்னும் எண்பது வருஷம் தாங்கும். ஆகவே இந்த வழிகாட்டி பிடியைக் காப்பாற்றி, பழைய குஞ்சத்தை எடுத்துவிட்டு, புதுக் குஞ்சம் பொருத்துவதைப் பற்றியது. குஞ்சம் என்று இங்கே சொல்வது, அடியில் பசையால் கட்டப்பட்ட முடிக்கற்றை முழுவதையும்.

பழைய வடிவத்தில் அப்படி என்ன இருக்கிறது

1920 முதல் 1950 வரையிலான ஒரு நல்ல பிடியைப் பக்கவாட்டில் பாருங்கள். அடி அகலம், நடுவில் இடுப்பு, அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ வளையம், உச்சியில் மறுபடி விரிந்து ஒரு உதடு. அழகுக்காக மட்டும் கடைந்தது அல்ல இது. சோப்புக் கை வழுக்கும். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் அந்த இடுப்பில் உட்கார்ந்துகொள்ளும். வளையம் விரலை மேலே நழுவ விடாது. உச்சியின் விரிந்த உதடு, வழிந்துவரும் நுரையை விரலுக்கு வராமல் தள்ளிவிடும். அகலமான அடி, ஈரக் குஞ்சத்தின் எடை மேலே இருக்கும்போதும் பிரஷ்ஷைச் சாயாமல் நிறுத்தும். எண்கோணமாகச் செதுக்கிய பிடிகளுக்கு இன்னொரு வசதி: படுக்கவைத்தால் உருண்டு ஓடாது.

பிரயாணத்துக்கான பிரஷ்கள் தனி ரகம். நிக்கல் பூசிய ஒரு உலோகக் குழாய்; குஞ்சம் உள்ள பகுதியைக் கழற்றி, தலைகீழாகக் குழாய்க்குள் விட்டுத் திருகினால் முடி உள்ளே பத்திரம். வெளியே எடுத்துத் திருகினால் அதே குழாய் பிடியாகிவிடும். இதில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லாத குழாயில் ஈர முடி புழுங்கி நாறும்.

பிளிஸன் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1808-லிலிருந்தும், இங்கிலாந்தின் சிம்ப்சன் 1919-லிலிருந்தும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. சிம்ப்சனின் குள்ளமும் தடிமனுமான ‘சப்பி’ வடிவம் இன்றைக்கும் மற்றவர்கள் பார்த்துச் செய்யும் அச்சு. அமெரிக்கப் பிரஷ்களில் அதிகம் கிடைப்பவை எவர்-ரெடி, ரப்பர்செட். ரப்பர்செட் என்ற பெயரே அதன் தொழில்நுட்பம்: முடியின் அடியைக் கெட்டி ரப்பரில் பதித்து இறுக்குவது. அதற்கு முந்தைய பிரஷ்களில் முடி கொட்டுவது தீராத தொல்லை என்பதால் இதையே பெருமையாகப் பிடியில் பொறித்தார்கள். இந்த ரப்பர்தான் இன்று துளையிடும்போது நம் பொறுமையைச் சோதிக்கும்.

பிடி எதனால் ஆனது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரியாமல் கொதிநீரோ, அசிட்டோனோ, உப்புத்தாளோ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பழைய பிடிகளில் பெரும்பாலும் வருபவை காட்டலின் எனப்படும் வார்ப்புப் பிசின் (பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கின் நெருங்கிய உறவு), செல்லுலாய்டு, பாலிலிருந்து செய்த கேசின் பிளாஸ்டிக், மரம், எலும்பு, கொம்பு, உலோகம். 1950-களுக்குப் பிறகு அச்சில் வார்த்த பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்.

கண்டுபிடிக்க எளிய வழி மூக்கு. பிடியின் அடிப்பகுதியை மட்டும் குழாய் வெந்நீரில் 15 விநாடி காட்டி, உடனே முகர்ந்து பாருங்கள். கார்பாலிக் மருந்து நெடி வந்தால் காட்டலின் அல்லது பேக்லைட். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. தீய்ந்த பால் நாற்றம் வந்தால் கேசின். ஒரு வாசனையும் இல்லையென்றால் பாலிஸ்டைரீன் அல்லது அக்ரிலிக்காக இருக்கலாம். பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கும் சோதனை ஒன்றைச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டாலும் பிடியில் ஓட்டை மிச்சம்.

காட்டலினா பாலிஸ்டைரீனா என்ற சந்தேகம் தீராவிட்டால், குஞ்சத்தை எடுத்த பிறகு உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். 100 மி.லி. தண்ணீருக்கு 35 கிராம் உப்பு என்ற கணக்கில் கரைத்து, குழியில் காற்று தங்காதபடி பிடியைச் சாய்த்து விடுங்கள். காட்டலின் மூழ்கும், பாலிஸ்டைரீன் மிதக்கும். உடனே எடுத்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இனி ஒவ்வொன்றுக்கும் ஆகாதவை. காட்டலினைக் கொதிநீரில் போட்டால் மெருகு போய்ச் சாம்பல் பூத்ததுபோல் ஆகும், விரிசலும் விடலாம். கேசின் தண்ணீரை உறிஞ்சி உப்பும். அதை ஊறவைக்கவே கூடாது. பாலிஸ்டைரீன் அசிட்டோனில் கூழாகும். நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டில் அந்த மேசையிலேயே வேண்டாம். செல்லுலாய்டுக்குச் சூடும் தீயும் எமன். மரமும் எலும்பும் வெந்நீரில் பிளக்கும். தந்தப் பிடி என்று தோன்றினால் வாங்கும் முன்பே நில்லுங்கள்; தந்த வணிகம் பெரும்பாலான நாடுகளில் சட்டத்தின் பிடியில் இருக்கிறது.

செல்லுலாய்டு பற்றி இன்னும் ஒன்று. மேலே வேர்த்ததுபோல் பிசுபிசுப்பு, உள்ளே வலைபோல் நுண்விரிசல், புளித்த காரநெடி: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அது அழுகத் தொடங்கிவிட்டது. அதன் ஆவி பக்கத்தில் உள்ள உலோகத்தையும் அரிக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது. மற்றப் பிரஷ்களிலிருந்து தள்ளி வையுங்கள், மினுக்க முயலாதீர்கள்.

வாங்கும் முன் மூன்று இடங்கள்

முதலில் உதடு, அதாவது குஞ்சம் பிடிக்குள் நுழையும் விளிம்பு. முடி ஈரத்தில் உப்பி, காய்ந்து, மறுபடி உப்பி விளிம்பைத் தள்ளும். பழைய பிடிகள் அங்கேதான் விரிசல் விடும். தலைமுடி மாதிரி ஒரு கோடு உதட்டில் தொடங்கி 3 மி.மீ. கீழே வந்திருந்தால் பசை வைத்து நிறுத்தலாம். இடுப்பு வரை இறங்கிய கோடு, துளையிடும்போது இரண்டாகப் போகும்.

இரண்டாவது அடி. தட்டையான மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். மூன்றாவது எடை. ஆட்டினால் உள்ளே கடகடவென்றால் எடைக்கு வைத்த உலோகத் துண்டு கழன்றிருக்கிறது என்று பொருள். அது குறையல்ல, வேலை கொஞ்சம் கூடும்.

முடி எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்கவே வேண்டாம். குஞ்சம் அழகாக இருப்பதற்காகக் கூட விலை கேட்டால் அடுத்ததற்குப் போங்கள்.

பழைய முடியை ஏன் முகத்தில் வைக்கக்கூடாது

முதல் உலகப்போர் காலத்தில் ஷேவிங் பிரஷ் மூலமாக ஆந்த்ராக்ஸ், அதாவது அடைப்பான் நோய், மனிதர்களுக்குப் பரவியது. போருக்கு முன் நல்ல பிரஷ்ஷுக்குப் பேட்ஜர் என்ற விலங்கின் முடி வந்துகொண்டிருந்தது. போரில் அந்த வரத்து அறுந்தது. குதிரை முடிக்குச் சாயம் தோய்த்துப் பேட்ஜர் போலக் காட்டி விற்றார்கள், அதைச் சரியாகக் கிருமி நீக்கவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ராணுவத்தினரும் பொதுமக்களும் பாதிக்கப்பட்டார்கள், இறந்தவர்களும் உண்டு. 1920-ல் பிரிட்டன், ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதியைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு வந்த பிரஷ்களில் ‘ஸ்டெரிலைஸ்டு’ என்ற முத்திரையை நிறையப் பார்க்கலாம்.

அடைப்பான் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியவை. ஷேவிங் செய்யும் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் எப்போதும் இருக்கும். இன்று ஒரு பழைய பிரஷ்ஷால் நோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியது. ஆனால் வீட்டில் வெந்நீரில் போடுவதும், வினிகரில் ஊறவைப்பதும், ஸ்பிரிட்டில் முக்குவதும் அந்த வித்துகளைக் கொல்லும் என்று நம்ப முடியாது. பிடியில் ‘சுத்தமான பேட்ஜர்’ என்று பொறித்திருப்பதை வைத்தும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அன்றைய ஏமாற்றே குதிரை முடியைப் பேட்ஜர் என்று விற்றதுதானே. 1930-க்கு முந்தையது என்றோ, வயது தெரியாதது என்றோ இருந்தால் குஞ்சத்தைக் கழுவிப் பார்க்கும் எண்ணத்தையே விடுங்கள்.

1960, 70-களின் பிரஷ், முன்பு யார் பயன்படுத்தினார்கள் என்று தெரியும், முடியும் திடமாக இருக்கிறது என்றால் மட்டும் கழுவிப் பார்க்கலாம். கை பொறுக்கும் சூட்டில் அரை லிட்டர் தண்ணீர், அதில் 50 மி.லி. வெள்ளை வினிகர். குஞ்சத்தின் மேல் முக்கால் பாகம் மட்டும் நனையும்படி 5 நிமிடம். வேரில் இறுகிய சுண்ணச் சோப்பு இளகும். பிறகு தலைக்குப் போடும் ஷாம்புவில் நுரைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். காய்ந்த பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள். பத்து முடிக்கு மேல் கையோடு வந்தால் அதன் காலம் முடிந்தது.

குஞ்சத்தை எடுப்பது

இந்த வேலை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில். கையுறை, நெருக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம், கண்ணாடி. குஞ்சத்தை முதலில் நன்றாக நனைத்துவிடுங்கள். தூசி பறக்கக்கூடாது என்பதே நோக்கம். நனைந்த முடியைக் கூர்மையான கத்தரியால் உதட்டின் மட்டத்துக்கு வெட்டி, ஈரம் காயாமல் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போடுங்கள்.

இப்போது குழிக்குள் முடியின் அடியும் பசையும் மட்டும் மிச்சம். பழைய பிரஷ்களில் இது குங்கிலியம் போன்ற பிசினாகவோ, ரப்பராகவோ, சிமென்ட் போன்ற கலவையாகவோ இருக்கும்.

பிடியைத் துணி சுற்றி வைஸில் கவ்வுங்கள். ஆடாமல் பிடித்தால் போதும், நெரிக்க வேண்டாம். காட்டலின் கண்ணாடி மாதிரி. அழுத்தினால் சத்தமில்லாமல் விரிசல் விட்டுவிடும். உதட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் மூன்று சுற்று. டிரில்லிங் மெஷினை அதன் மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, நடுவில் 6 மி.மீ. பிட்டால் ஒரு துளை. எவ்வளவு ஆழம் போகலாம் என்று முன்பே பிட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 20 மி.மீ. போதும். பிறகு அதே ஆழத்துக்கு 10 மி.மீ. பிட். ஐந்து விநாடி துளைத்து, நிறுத்தி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி ஐந்து விநாடி. தண்ணீர் தூசியை அடக்கும், சூட்டையும் தணிக்கும். மின்கம்பி உள்ள மெஷினாக இருந்தால் தண்ணீர் அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பேட்டரி மெஷின் நல்லது.

நடுவில் இடம் கிடைத்ததும் பெரிய பிட்டை மறந்துவிடுங்கள். மிச்சத்தைக் குறுகிய உளியாலோ, பட்டையான திருப்புளியாலோ ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நெம்பி எடுங்கள். வெளிப்பக்கம் நெம்பினால் உதடு உடையும். ரப்பர் என்றால் துண்டு துண்டாக வரும், பிட் அதில் சூடேறிச் சிக்கும், நிதானம்தான் வழி. சுழலும் சிறு உப்புத்தாள் உருளையை வைத்துக் கடைசி அரை மி.மீ.யைத் தேய்த்தெடுக்கலாம். பாலிஸ்டைரீனில் அந்த உருளை வேண்டாம், உரசும் சூட்டில் உருகி ஒட்டும்.

சில பிடிகள் இரண்டு துண்டு. மேல்பகுதி உலோகக் கழுத்தாக, கீழே திருகி இறங்கியிருக்கும். துளையிடும் முன் அப்படி ஒரு இணைப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். திருகிக் கழற்ற முடிந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

எல்லாம் முடிந்ததும் குழியைச் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். சுவரின் கனம் எந்த இடத்திலும் 2 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பெரிய குஞ்சம் வேண்டுமென்று குழியை அகலமாக்கிக்கொண்டே போய் உதட்டைக் காகிதமாக்கியவர்கள் நிறைய. பழைய பிடிகள் 18 முதல் 22 மி.மீ. குஞ்சத்துக்காகக் கடைந்தவை, 26 மி.மீ. குஞ்சத்தை அதன் தலையில் ஏற்றினால் பிடி சின்னதாகத் தெரியும், நிறுத்தினால் சாயும்.

அளவு: இங்கேதான் பிரஷ்ஷின் குணம் முடிவாகிறது

புதுக் குஞ்சத்துக்கு இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று அடியின் விட்டம். இன்னொன்று, பிடியின் உதட்டுக்கு மேலே தெரியும் முடியின் உயரம். இந்த உயரத்தைத்தான் ‘லாஃப்ட்’ என்கிறார்கள். உயரத்தை விட்டத்தால் வகுத்தால் வரும் எண் ஏறக்குறைய 2 என்றால் பிரஷ் நிமிர்ந்து நிற்கும், கட்டியான சோப்பில் நன்றாக வேலை செய்யும். 2.3-க்கு மேல் போனால் தொய்வு. முகத்தில் மென்மை, கட்டிச் சோப்பில் திணறல். செயற்கை இழைக்கும் பேட்ஜருக்கும் 2.1 பக்கம் வைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும். பன்றி முடி விறைப்பானது, அதற்கு 2.4 வரைகூடப் போகலாம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சுத்தம் செய்த குழியின் விட்டம் 23 மி.மீ., ஆழம் 28 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய குஞ்சத்தின் அடி 22 மி.மீ., அடி முதல் நுனி வரை மொத்த உயரம் 65 மி.மீ. வெளியே 48 மி.மீ. தெரிய வேண்டும் என்றால் உள்ளே போக வேண்டியது 17 மி.மீ. குழி 28 இருக்கிறது. ஆகவே அடியில் 11 மி.மீ. நிரப்ப வேண்டும்: 10 மி.மீ. உயரத்துக்கு அறுத்த ஒரு மர உருளைத் துண்டு, அதன் மேல் 1 மி.மீ. துருப்பிடிக்காத வாஷர் ஒன்று. பிடியின் அடி லேசாக இருந்தால் மரத்துக்குப் பதில் வாஷர்களையே அடுக்குங்கள், எடை கீழே இறங்கிப் பிரஷ் நன்றாக நிற்கும். எதை வைத்தாலும் எபாக்ஸியில் (இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் பசை) பதித்து வையுங்கள், சும்மா போட்டால் பிறகு ஆடும்.

குஞ்சத்தின் அடியில் 6, 7 மி.மீ. உயரத்துக்குக் கெட்டியான பசைக்கட்டி இருக்கும். அது முழுவதும் உதட்டுக்குக் கீழே போயாக வேண்டும். வெளியே தெரிந்தால் அசிங்கம், அதைவிட முக்கியம், முடி அந்த இடத்தில் மடங்கி ஒடியும். ஆனால் எதிர்த்திசையிலும் எல்லை உண்டு. பசைக்கட்டிக்கு மேல் 10, 12 மி.மீ.க்கு அதிகமாக முடியைக் குழிக்குள் புதைத்தால் உதடு அதைக் கழுத்தை நெரித்ததுபோல் பிடித்துக்கொள்ளும். குஞ்சம் பூக்காது, நுரையைக் கக்கவும் மாட்டாது.

ஒட்டும் முன் ஒத்திகை பாருங்கள். குஞ்சத்தின் அடியில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, குழிக்குள் இறுக்கமாக நிற்கும் அளவுக்கு வைத்து, இரண்டு மூன்று நாள் உண்மையாகவே நுரைத்துப் பயன்படுத்துங்கள். 2 மி.மீ. மேலும் கீழும் மாற்றினால் வேறு பிரஷ் மாதிரி இருக்கும். கண்ணால் பார்த்து எடுக்கும் முடிவு இந்த விஷயத்தில் பெரும்பாலும் தப்பு. கை சொல்வதைக் கேளுங்கள்.

எந்த முடி? வேலையைப் பழகிக்கொள்ளும் முதல் பிரஷ்ஷுக்குச் செயற்கை இழையே வாங்குங்கள். ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், பசை தப்பிப்போனால் நஷ்டமும் குறைவு. பேட்ஜர் தண்ணீரை அதிகம் பிடித்துவைக்கும், கதகதப்பாக இருக்கும். பன்றி முடி ஆரம்பத்தில் குத்தும். பயன்படுத்தப் பயன்படுத்த ஒவ்வொரு முடியின் நுனியும் பிளந்து மெத்தென்றாகும்.

மினுக்குவது, ஒட்டும் முன்பே

குஞ்சம் இல்லாத பிடியைத் தேய்ப்பது சுலபம், அதனால் இதை இப்போதே முடியுங்கள். ஆனால் காட்டலின் பிடியில் உப்புத்தாளைத் தொடும் முன் ஒரு நிமிடம். ‘பட்டர்ஸ்காட்ச்’ என்று எல்லோரும் தேடும் அந்தத் தேன்மஞ்சள் நிறம், பல பிடிகளில் பிறவி நிறம் அல்ல. வெள்ளையாகவோ தந்த நிறமாகவோ வார்த்தது, வெளிச்சமும் காற்றும் பட்டு வருஷக்கணக்கில் மேல்தோல் மட்டும் மஞ்சளானது. அந்தத் தோல் மிக மெல்லியது. 400 நம்பர் தாளால் தேய்த்தால் கீழே உள்ள வெளிர்நிறம் திட்டுத்திட்டாக வெளிவரும். பிறகு ஒன்று முழுவதையும் தேய்த்து வெளுப்பாக்க வேண்டும், அல்லது சிரங்கு பிடித்தது போன்ற பிடியோடு வாழ வேண்டும். மஞ்சள் பிடித்திருந்தால் தாளே வேண்டாம். பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் பசையைப் பருத்தித் துணியில் தொட்டு, விரல் வெப்பத்திலேயே தேயுங்கள். துணி மஞ்சளானால் பயப்பட வேண்டாம், காட்டலினின் அடையாளமே அது. மஞ்சள் அடர்த்தியாக வரத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

ஆழமான கீறல் இருந்து, நிறம் போனாலும் பரவாயில்லை என்றால்: 600, 800, 1000, 1500, 2000 என்ற வரிசையில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், முந்தைய தாளின் கோடு முழுவதும் மறைந்த பிறகே அடுத்தது. 1000-ல் அவசரப்பட்டால் அந்தக் கோடு பாலிஷ் போட்ட பிறகு பளிச்சென்று தெரியும்.

பொறித்த எழுத்துகளைச் சுற்றித் தேய்க்காதீர்கள், எழுத்து ஆழம் குறையும். நிறம் போன எழுத்துக்கு அக்ரிலிக் பெயின்ட்டைப் பல்குச்சியால் நிரப்பி, இரண்டு நிமிடம் கழித்து, சற்றே ஈரமான அட்டையின் விளிம்பால் மேலே வழித்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் பெயின்ட் தங்கும்.

மரப் பிடியானால் குழியின் உட்புறத்தையும் சேர்த்து வார்னிஷ் அடியுங்கள். வெளியே மட்டும் பளபளப்பாக்கி உள்ளே பச்சை மரமாக விட்டால், தண்ணீர் உள்வழியாக ஏறி மேலே போட்ட வார்னிஷை உரித்துவிடும்.

ஒட்டுவது

இரண்டு டியூப் எபாக்ஸி, அதிலும் மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிட எபாக்ஸியில் குஞ்சத்தை நேராக்கும் முன்பே இறுகிவிடும், ஈரத்தையும் அது குறைவாகவே தாங்கும். கைவேலைக்கு 30 நிமிடம் தருவதாக வாங்குங்கள்.

குழியின் உட்சுவரையும் குஞ்சத்தின் அடிக்கட்டியையும் 80 நம்பர் தாளால் கீறி, ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிடுங்கள். பசைக்கட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு சின்ன வாய்க்கால் அறுத்துவிடுங்கள், 1 மி.மீ. ஆழம் போதும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இறுக்கமான குழியில் குஞ்சத்தை அழுத்தும்போது அடியில் சிக்கிய காற்று வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கையை எடுத்து அரை மணி நேரத்தில் குஞ்சம் 2 மி.மீ. மேலே எழும்பி நிற்கும்.

முடிப் பகுதியை, பசைக்கட்டிக்கு மேலே, காகிதப் பட்டையால் இறுகச் சுற்றி டேப் போடுங்கள். எபாக்ஸியை இரண்டு டியூபிலிருந்தும் சமஅளவு எடுத்து இரண்டு நிமிடம் முழுதாகக் கலக்குங்கள். தேவைப்படும் மொத்த அளவு 1 மி.லி., கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. மேலே சொன்ன கணக்கில் சுற்றிலும் உள்ள இடைவெளி வெறும் அரை மி.மீ.; அதை நிரப்பக் கால் மி.லி.யே போதும், மிச்சம் அடிக்கு. அதிகம் வைத்தால் பசை முடிகளுக்கு இடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறும். ஏறி இறுகிய பசையை எடுக்க வழியே இல்லை. குஞ்சத்தின் நடுவில் ஒரு குச்சி முளைத்த மாதிரி ஆயுசுக்கும் இருக்கும்.

பசையைக் குழியின் அடியிலும், சுவரின் கீழ்ப் பாதியிலும் மட்டும் பூசுங்கள். குஞ்சத்தைத் திருகிக்கொண்டே இறக்குங்கள். உதட்டில் கசிந்தால் ஸ்பிரிட் தொட்ட துணியால் உடனே துடையுங்கள் (லாக்கர் பூசிய மரத்தில் ஸ்பிரிட் வேண்டாம், உலர்ந்த துணி). பிறகு பிரஷ்ஷைத் தட்டையான இடத்தில் நிறுத்தி, கண் மட்டத்துக்குக் குனிந்து, ஜன்னல் சட்டம் போன்ற நேர்க்கோட்டின் எதிரே வைத்துப் பாருங்கள். கால் சுற்று திருப்பி மறுபடி. நான்கு பக்கமும் நேராக இருக்கும் வரை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் அரை மணி நேரம் திரும்பத் திரும்பப் பாருங்கள், தானாகச் சாயும். தலைகீழாக வைக்காதீர்கள், பசை முடிக்குள் இறங்கும். 24 மணி நேரம் தொடக்கூடாது. அதற்குள் தண்ணீர் காட்டினால் பசை வெள்ளையாகிப் பிடிப்பு விடும்.

பின்னொரு நாள் குஞ்சத்தை மாற்ற வேண்டிவரும் என்று நினைத்தால் எபாக்ஸிக்குப் பதில் சிலிக்கான் பசை. பிடிப்பு குறைவு, ஆனால் பிடிக்குச் சேதமில்லாமல் பெயர்க்கலாம். அரிய பிடி என்றால் சிலிக்கான்தான் சரி.

முதல் வாரம், பிறகு வரும் குறைகள்

பேட்ஜரும் பன்றி முடியும் முதலில் விலங்கு வாடை அடிக்கும். நுரைத்து, அந்த நுரையோடே ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள். மூன்று நான்கு முறையில் போய்விடும். முதல் வாரத்தில் தினம் ஐந்தாறு முடி உதிர்வது கட்டாத முடி மட்டுமே. மூன்று வாரம் கழித்தும் உதிர்ந்தால், உதிர்ந்த முடியை எடுத்துப் பாருங்கள். வேரில் பசைத்துளி ஒட்டியிருந்தால் குஞ்சத்தின் கட்டு தளர்ந்திருக்கிறது, குஞ்சத்தின் குறை. வேரில்லாமல் நடுவில் ஒடிந்திருந்தால் நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள்.

நுரை குஞ்சத்துக்குள்ளேயே போய் மறைந்து, முகத்துக்கு வரவில்லை என்றால் உயரத்தைக் குறைத்து ஆழமாகப் புதைத்துவிட்டீர்கள். அதற்கு இனிச் சோப்பைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. ஒத்திகையை விட்டதன் பலன். நடுவில் குழி விழுந்து பூப்போல் விரிந்தால், வட்டமாக ஒரே திசையில் அழுத்திச் சுற்றுவது காரணம். நுனியால் மட்டும், வர்ணம் அடிப்பதுபோல் இப்படியும் அப்படியும் போங்கள். குஞ்சம் லேசாக ஆடினால் உடனே நிறுத்துங்கள். இடைவெளியில் தண்ணீர் தங்கி உதட்டைப் பிளக்கும். முழுதாகக் கழன்ற பிறகு, பழைய பசையைச் சுரண்டி, மேலே சொன்ன கீறல் வேலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பயன்படுத்தி முடித்ததும் தண்ணீர் தெளியும் வரை அலசி, கையால் பிழிந்து, நான்கைந்து உதறு உதறி, துண்டில் லேசாகத் தேய்த்து, நிமிர்த்தி வையுங்கள். தொங்கவிடுவதா நிறுத்துவதா என்ற சண்டை ஓயாது. உதறிய பிரஷ் இரண்டு விதத்திலும் காயும், மூடிய அலமாரியில் வைத்த பிரஷ் இரண்டு விதத்திலும் காயாது. பன்றி முடியை ஊறவைக்க வேண்டுமானால் முடி மட்டும் நனையும்படி குவளையில் தலைகீழாகப் பிடியுங்கள், மூன்று நிமிடம். கேசின் பிடியையும் காட்டலின் பிடியையும் தண்ணீருக்குள் கிடத்தாதீர்கள், வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் நிறுத்தியும் வைக்காதீர்கள்.